பஸ்ஸின் அடியில் இருப்பது லொறி

மலைப்பாதையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மறுநாள் பத்திரிகையில் மூன்று காரணங்கள் வரும். சாரதி தூங்கிவிட்டார், வேகம் கூடிவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை. 2025 மே 11 அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ் கொத்மலை கெரண்டி எல்லவில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். இரண்டு தடவையும் பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றையே சுற்றியது. பஸ் எப்படிச் செய்யப்பட்டிருந்தது என்ற நான்காவது கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

மாத்தளை மாவட்டத்தில் இருப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறி லக்கலப் பக்கம் இறங்கும் பாதை, எல்கடுவைக்குப் போகும் பாதை, கந்தேனுவரத் தோட்டங்களுக்குப் போகும் பாதை எல்லாம் வளைவும் சரிவும்தான். அந்த ஊர்களில் கார் வைத்திருப்பவர்கள் சிலர். மற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்கும், கிளினிக்குக்கும், சந்தைக்கும் பஸ்ஸையே நம்பியிருக்கிறார்கள். நாம் தினமும் ஏறும் அந்த வண்டி என்ன வண்டி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறியின் அடியைக் குனிந்து பார்த்தால் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் தெரியும். அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைத்திருக்கும். ஏணியைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும் இதுதான் சேசிஸ். அச்சும் சக்கரமும் அதற்குக் கீழே, எஞ்சின் முன்பக்கம், சுமை மேலே. மூட்டைகளைச் சுமக்க இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. மேடு பள்ளத்தில் அடி தட்டாது, எவ்வளவு ஏற்றினாலும் வளையாது.

நமது பஸ்களில் மிகப் பெரும்பாலானவை இதே ஏணிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. இந்தியாவின் அசோக் லேலண்ட், டாடா நிறுவனங்களின் சேசிஸ்களே இங்கு அதிகம். பஸ்ஸுக்கென்று தனிப் பெயரோடு விற்கப்படுபவையும் உண்டு. லேலண்டின் வைக்கிங் அப்படிப்பட்டது. ஆனால் அவையும் முன் எஞ்சினும் உயர்ந்த சட்டமும் கொண்ட அதே லொறிக் குடும்பம்தான். சேசிஸ் மட்டும் வரும், சாரதியின் ஆசனத்தோடு. மேலே உடம்பைக் கட்டுவது உள்ளூர்ப் பட்டறை.

முதல் விளைவு ஏறும்போதே தெரியும். சட்டம் அச்சுக்கு மேலே இருப்பதால் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்துக்குப் போய்விடுகிறது. பயணிகளுக்கென்றே வடிவமைத்த தாழ்தளப் பஸ்ஸில் அது 40 சென்றிமீற்றருக்குள் அடங்கிவிடும். மாத்தளை பஸ் நிலையத்தில் ரத்தோட்டைப் பஸ் வந்து நிற்கும்போது பாருங்கள். சேலை கட்டிய அம்மா ஒருவர் கையிலுள்ள பையை முதலில் மேலே வைப்பார். பிறகு ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சேலைக் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு, முழங்கால் உயரத்தில் இருக்கும் முதல் படிக்குக் காலைத் தூக்குவார். அதற்குள் கொண்டக்டர் "ஏறுங்கம்மா, ஏறுங்க, ஏறுங்க" என்று தட்டத் தொடங்கியிருப்பார். அவர் கால் ஊன்றுவதற்கு முன்பே வண்டி நகர்ந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர், நிறைமாதக் கர்ப்பிணி, ஊன்றுகோலோடு வருபவர் எல்லோரும் இதே படியில்தான் ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் அந்த வாசலை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 1996-இல் 28ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிய நாடு இது.

அடுத்தது குலுக்கல். லொறியின் ஸ்பிரிங் இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்தது. பத்துத் தொன் சுமை ஏறினால்தான் அது ஒழுங்காக வளைந்து கொடுக்கும். 50 பேர் உட்கார்ந்த பஸ்ஸைக் கணக்குப் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ என்றால் மொத்தம் மூன்றேகால் தொன். நின்றுகொண்டு வருபவர்களையும் சேர்த்து 80 பேர் என்றாலும் ஐந்து தொன்னைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பாதிச் சுமையளவே உள்ள ஸ்பிரிங் சரியாக வளையாது. பள்ளத்தில் சக்கரம் விழும் அடி முழுவதும் முதுகெலும்புக்கு வரும். பின் ஆசனத்தில் உட்கார்ந்து பல்லேகமவுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காற்றுப் பையைக் கொண்ட சஸ்பென்ஷன் இதற்காகவே வந்தது. வெளிநாட்டு நகரப் பஸ்களில் அது சாதாரணம்.

சாரதியின் நிலை இன்னும் மோசம். எஞ்சின் அவருக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். நாள் முழுவதும் அந்தச் சூடும் இரைச்சலும் அவர் உடம்பில் படும். மூடியின் மேல் பயணிகளின் பைகள், சில வேளை பயணிகளே. காலையில் நான்கு மணிக்கு வண்டியை எடுத்து இரவு வரை இந்தச் சூட்டில் இருந்து ஓட்டுகிறவர் களைத்துப் போவதை அவருடைய தனிப்பட்ட குற்றமாக மட்டும் நான் பார்க்கமாட்டேன்.

இனி உயிருக்கு உலை வைக்கும் இடத்துக்கு வருவோம். வண்டி வளைவில் கவிழுமா, நிற்குமா என்பதை மதிப்பிட ஓர் எளிய கணக்கு உண்டு. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் நிறைமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும். விடை எவ்வளவு பெரிதோ வண்டி அவ்வளவு உறுதி. அகலம் 2 மீற்றர், நிறைமையம் 1 மீற்றர் உயரத்தில் என்றால் விடை 1. அதே அகலத்தில் நிறைமையம் 1.4 மீற்றருக்கு ஏறினால் விடை சுமார் 0.7. இதை வேகத்தில் பார்த்தால்தான் உறைக்கும். குறிப்பிட்ட ஒரு வளைவில் முதல் வண்டி 40 கிலோமீற்றர் வேகத்தில் கவிழும் எல்லைக்கு வருமென்றால், இரண்டாவது வண்டி சுமார் 34-லேயே அந்த எல்லைக்கு வந்துவிடும். வீதி ஒன்று, வளைவு ஒன்று, சாரதியும் ஒருவரே. மாறியது வண்டியின் உயரம் மட்டும்.

லொறிச் சட்டத்தில் தளம் உயர்ந்துவிட்டால் அதன் மேல் ஆசனம், ஆசனத்தின் மேல் ஆள், நடைபாதையில் அதைவிட உயரமாக நிற்கும் ஆட்கள், கூரையில் பொதிகள் என்று எல்லாப் பாரமும் மேலே போகிறது. அகலத்தைக் கூட்டிச் சரிசெய்யவும் முடியாது, நம் மலை வீதிகள் அதற்கு இடம் தராது. பயணப் பெட்டிகளைத் தளத்துக்குக் கீழே வைக்கும் வண்டிகள் ஓரளவு தப்பிக்கும்.

பிரேக் சங்கதியும் இதோடு சேர்ந்தது. 12 தொன் எடையுள்ள பஸ் 500 மீற்றர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று வையுங்கள். அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி, ஏறத்தாழ 180 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காலால் பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் அவ்வளவு வெப்பமும் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் ட்ரம்மில் சேரும். ட்ரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடி குறையும். மிதித்தாலும் வண்டி நிற்காது. "பிரேக் போயிட்டு" என்று சாரதி கத்துவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். காற்றுப் பிரேக் உள்ள வண்டியில் பயத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் தாங்கியில் சேர்ந்திருக்கும் காற்றும் குறைந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் சொன்னது இதனால்தான். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், ட்ரம் ஆறும். மலைநாட்டுப் பஸ்களுக்கு இன்னொரு வழியும் உலகத்தில் இருக்கிறது. ரிட்டார்டர் என்ற கருவி மின்காந்தத்தாலோ எண்ணெய் அழுத்தத்தாலோ சக்கரத்துக்குப் போகும் தண்டை மெதுவாக்கும், பிரேக்கைத் தொடவே தேவையில்லை. மலைப்பாதைப் பஸ்ஸுக்கு அது இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

கவிழ்ந்துவிட்டது என்றே வைப்போம். அதற்குப் பிறகு யார் பிழைப்பது என்பதைத் தீர்மானிப்பது மேலே கட்டிய உடம்பு. நம் பட்டறைகளில் வேலை செய்யும் பாஸ்மாரின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெறும் சட்டம் ஒன்றை எடுத்து, இரும்புக் குழாய் வளைத்து, தகடு அடித்து, சில வாரங்களில் பஸ்ஸாக்கி விடுகிறார்கள். ஆனால் சோதனை என்று ஒன்று இருக்கிறது. 1980களில் ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு 66ஆம் இலக்க ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. பஸ்ஸை 80 சென்றிமீற்றர் உயர மேடையிலிருந்து பக்கவாட்டில் கவிழ்ப்பார்கள். கூரை நசுங்கி, பயணியின் தலையும் தோளும் இருக்கும் இடத்துக்குள் வரக்கூடாது. இந்தியாவிலும் பஸ் உடம்புக்கென்று ஏஐஎஸ் 052 என்ற தர விதி இருக்கிறது. பட்டறையில் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முதலாளியின் விருப்பத்துக்கு ஏற்பக் கட்டப்படும் பஸ்ஸைக் கவிழ்த்துப் பார்க்க வழியே இல்லை. ஒட்டுப்பலகைத் தளத்தில் போல்ட் போட்ட ஆசனம் முதல் மோதலிலேயே கழன்று முன்னால் பறக்கும். இப்படிப்பட்ட ஆசனத்தில் ஆசனப் பட்டியை மாட்டினால் பயணி ஆசனத்தோடு சேர்ந்து பறப்பார். 2025 ஜூலையிலிருந்து பஸ் சாரதிகளுக்கு ஆசனப் பட்டி கட்டாயமானது நல்ல காரியம். பயணிகளுக்கும் அதைக் கொண்டுவருவதற்கு முன் ஆசனம் இரும்புச் சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம்? 1958 ஜனவரி 1-இல் தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அந்தக் காலத்தில் லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத் தட்டு பஸ்களை வாங்கி ஓட்டினார்கள். அவற்றின் பின்பக்கத்தில் ஏறும் மேடை தாழ்வாக இருக்கும். ஏறும் வசதியில் இன்றைய பஸ் அதைவிடப் பின்தங்கியது. 1979-இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தது. 1982-இல் லங்கா அசோக் லேலண்ட் தொடங்கியது. ஒரு பஸ், ஒரு முதலாளி, ஒரு லீசிங் கடன் என்ற அமைப்பு ஊரெங்கும் பரவியது. கடன் தவணையை நினைக்கும் முதலாளிக்கு லொறிச் சேசிஸ் இலாபமானது. விலை குறைவு, உதிரிப் பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும், எந்தக் கராஜிலும் பழுதுபார்க்கலாம், குண்டும் குழியுமான தோட்டப் பாதையிலும் ஓடும். இந்த நியாயங்கள் பொய்யல்ல. எல்கடுவை ஏற்றத்தில் தாழ்தளப் பஸ்ஸின் வயிறு தட்டத்தான் செய்யும். ஆகவே எல்லாப் பாதைக்கும் ஒரே வகை பஸ் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி பல ஆண்டுகள் முடங்கியதில் பழைய வண்டிகளே இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன என்பதும் உண்மை.

2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தோடு பொலிசார் பஸ்களில் தொங்கிய அலங்காரங்களையும் மேலதிக விளக்குகளையும் கழற்றச் சொன்னார்கள். முதலாளிகள் எதிர்த்தார்கள், பெரிய வாதம் நடந்தது. கண்ணாடியில் தொங்குவதைப் பற்றி நடந்த வாதத்தில் பத்தில் ஒரு பங்கு தளத்துக்குக் கீழே இருப்பதைப் பற்றி நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இதே சண்டையை வேறொரு நாடு முன்பே போட்டுவிட்டது. அமெரிக்கக் கார்களை மாத்தளை வீதியில் காண்பது அரிது. ஆனால் அந்தக் கார்களின் குறைகளால் அந்நாட்டு மக்கள் பட்ட பாடு நமக்கு நேரடியாகப் பாடமாகும். 1960களின் நடுப்பகுதி வரை அங்கும் கார்க் கம்பனிகள் சொன்னது ஒன்றுதான்: விபத்துக்குக் காரணம் ஓட்டுபவர். 1965-இல் ரால்ப் நேடர் என்ற வழக்கறிஞர், கார்களின் வடிவமைப்பே ஆளைக் கொல்கிறது என்று புத்தகம் எழுதினார். ஜெனரல் மோட்டர்ஸின் செவ்ரோலெட் கொர்வெயர் காரை முதல் அத்தியாயத்தில் வைத்தார். கம்பனி துப்பறிவாளரை வைத்து அவரைப் பின்தொடர்ந்தது. அது அம்பலமாகி, 1966-இல் கம்பனியின் தலைவர் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொர்வெயர் அக்காலத்து மற்றக் கார்களைவிட மோசமில்லை என்று 1972-இல் அரசாங்க ஆய்வொன்று சொன்னது. அதனால் சட்டம் பின்வாங்கவில்லை, ஏனென்றால் அது ஒரு காரைப் பற்றிய சட்டம் அல்ல. குறையுள்ள வண்டியைக் கம்பனி தன் செலவில் திரும்ப அழைத்துத் திருத்த வேண்டும் என்ற வழக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. இந்தியா தன் மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தி அதைச் சட்டமாக்கியது.

சட்டம் இருந்தும் தவறுகள் நின்றுவிடவில்லை. டெக்சாஸில் 2004-இல் இளம்பெண் ஒருவர் ஓட்டிய சாட்டர்ன் அயோன் கார் வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது. பக்கத்தில் இருந்த அவருடைய காதலர் இறந்தார். பழி அந்தப் பெண் மேல் விழுந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார், தானே கொன்றதாக நம்பிக்கொண்டு பத்தாண்டு வாழ்ந்தார். 2014-இல்தான் உண்மை வந்தது. சாட்டர்னைத் தயாரித்த ஜெனரல் மோட்டர்ஸின் பல கார்களில் சாவி போடும் சுவிட்ச் இலேசான குலுக்கலிலேயே நழுவி எஞ்சினை நிறுத்திவிடும், மோதலில் ஆளைக் காக்கும் காற்றுப் பையும் விரியாது. அந்த ஆண்டே நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தச் சுவிட்சால் நிகழ்ந்தவை என்று இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. சாரதியின் தவறு என்று கோப்பை மூடுவது எவ்வளவு பெரிய அநியாயமாக முடியலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் பஸ்ஸுக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்றும் அங்கே உண்டு. அமெரிக்காவின் மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ்களில் பெரும்பாலானவை லொறிச் சேசிஸில் கட்டியவையே. 1977 ஏப்ரல் 1 முதல் அவற்றின் கூரை, தகட்டு மூட்டு, ஆசனம், எரிபொருள் தாங்கி எல்லாவற்றுக்கும் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1988 மே 14-இல் கென்டக்கி மாநிலத்தின் கரோல்டன் அருகே குடிபோதையில் ஒருவன் எதிர்த் திசையில் ஓட்டிவந்த வண்டி, பிள்ளைகள் நிறைந்த பழைய பள்ளிக்கூட பஸ்ஸில் மோதியது. மோதலில் யாரும் இறக்கவில்லை. தாங்கி கிழிந்து தீப்பிடித்ததில்தான் 27 பேர் இறந்தார்கள். அந்த பஸ்ஸின் ஃபோர்ட் சேசிஸ், புதிய விதிகள் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் தயாரானது. தாங்கியைச் சுற்றி இரும்புக் கூடு இல்லை. குடித்தவன் சிறைக்குப் போனான். ஆனால் விசாரணை அதோடு முடியவில்லை. தாங்கி ஏன் கிழிந்தது, பிள்ளைகள் ஏன் வெளியேற முடியவில்லை என்றும் கேட்டார்கள். கென்டக்கி தன் பள்ளிக்கூட பஸ்களுக்குக் கூடுதல் அவசர வாசல்களைக் கட்டாயமாக்கியது.

லொறிச் சேசிஸ் என்பதற்காகவே ஒரு பஸ் கொலைகாரன் ஆகிவிடாது. அதன் மேல் கட்டுவதற்கு விதியும், கட்டியதைச் சோதிக்க ஆளும், குறை தெரிந்தால் திரும்ப அழைக்க அதிகாரமும் வேண்டும். நம் நாட்டில் பஸ்ஸுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது அந்த வண்டி பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு. வடிவமைப்பே பிழையாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்காது. விபத்து விசாரணை பொலிசாரோடும் வாகனப் பரிசோதகரோடும் முடிகிறது. ஏன் கவிழ்ந்தது, ஏன் இவ்வளவு பேர் இறந்தார்கள் என்று பொறியியலாளர்கள் ஆராய்ந்து அறிக்கையை வெளியிடும் நிரந்தர அமைப்பு ஒன்று நமக்கு வேண்டும். ஏறும் வசதியும் கேட்டால்தான் வரும். சென்னையில் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு 2024-இல் தாழ்தளப் பஸ்கள் மீண்டும் வந்தன. கேட்காமல் அங்கும் கிடைக்கவில்லை.

வாசகர் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. மாகாணத்தை விட்டு வெளியே போகும் பஸ்களுக்குப் பொறுப்பு தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, அதன் தொலைபேசி இலக்கம் 1955. மாத்தளை - கண்டி, மாத்தளை - ரத்தோட்டை போன்ற உள்மாகாணத் தனியார் பஸ்களுக்குப் பொறுப்பு மத்திய மாகாணப் போக்குவரத்து அதிகாரசபை. இ.போ.ச. பஸ் என்றால் டிப்போ. முறைப்பாடு கொடுக்கும்போது சாரதி வேகமாக ஓட்டினார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டி இலக்கம், நேரம், பாதை, ஆடும் ஆசனம் எது, படி எவ்வளவு உயரம், அவசர வாசல் திறக்கிறதா என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் படமும் சேர்த்து அனுப்புங்கள், பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.